ஆரம்பத்துக்கு இது போதும்

அக்காவுக்குப் பத்தாமல் போனதெல்லாம் எனக்குப் பொருந்தும் என்பது எங்கள் அம்மா போட்ட கணக்கு. கவுன், செருப்பு, பள்ளிக்கூடப் பை, மூடி உடைந்த ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தன. புதிதாக ஏதாவது கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருக்கும். "ஆரம்பத்துக்கு இது போதும்." ஆரம்பம் எப்போது முடியும் என்று அம்மா சொன்னதே இல்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அம்மாவின் நகையைப் பங்கு போட்டோம், பாத்திரத்தைப் பங்கு போட்டோம். அந்த வாக்கியத்தை மட்டும் அக்கா முழுசாக எடுத்துக்கொண்டாள்.

போன கோடையின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பெரிய பை ஒன்றோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அக்கா ஒரு கல்லூரியில் துணை முதல்வர். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டி, தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்பது என் பிழைப்பு. நகரத்தின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவள். அம்மா படுக்கையில் இருந்தவரை கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தாவது பார்த்துக்கொள்வோம். அதன் பிறகு போன்தான். அதுவும் தேய்ந்து, பிறந்தநாளுக்கு ஒன்று என்று ஆகியிருந்தது. அதனால் வாசலில் அவளைப் பார்த்ததும் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பை கனத்தது போல.

"எங்க குழுவுல சேர்ந்துடு" என்றாள். "மாசம் ஒரு மலை. நாள் முழுக்க உக்காந்தே இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"மலைக்குப் போட்டுக்க என்கிட்ட எதுவும் இல்லையே அக்கா."

"அதான் கொண்டு வந்திருக்கேனே."

பையைக் கட்டிலின் மேல் கவிழ்த்தாள். முழுக்கைப் பருத்திச் சட்டைகள், கனத்த ஜீன்ஸ் ஒன்று, விளிம்பு தொங்கிப்போன தொப்பி, நாடா மாற்றிய மலையேறும் ஷூ. எல்லாமே அவள் கழித்துப்போட்டவை. அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். ஜீன்ஸை மூன்று மடிப்பு மடித்தால்தான் என் கணுக்கால் தெரிந்தது. ஷூவுக்குள் என் பாதம் தாராளமாக உலாவியது.

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ. ஆரம்பத்துக்கு இது போதும்" என்றாள்.

போகிறபோதுதான் அதைச் சொன்னாள். "குளிர்காலத்துல பெரிய மலைக்குப் போவோம். அங்க யாரையும் தனியா விடமாட்டாங்க. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டுத்தான் அனுப்புவாங்க. நீ அதுக்குள்ள பழகிட்டா, நீயும் நானும் ஜோடி."

இதற்காகத்தான் நான் சேர்ந்தேன். மலைக்காக இல்லை, உடம்புக்காகவும் இல்லை. சிறு வயதில் நாங்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் படுத்து, அம்மா அதட்டும்வரை பேசிக்கொண்டிருப்போம். அவள் கல்யாணமாகிப் போனபோது போர்வை என்னிடம் வந்தது, பேச்சு போய்விட்டது. ஒரு நாள் முழுக்க, ஏறும்போதும் இறங்கும்போதும், அக்கா என் பக்கத்தில் நடப்பாள். நடுவில் அம்மாவின் கட்டில் இருக்காது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதல் மலையிலேயே எனக்குப் பாடம் கிடைத்தது. பாதி ஏறுவதற்குள் பருத்திச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜீன்ஸ் வேர்வையில் ஊறி, தொடையை அரத்தால் ராவுவதுபோல் ராவியது. மேலே காற்று அடித்தபோது மற்றவர்கள் சட்டையெல்லாம் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது. என்னுடையது பஸ் ஏறும்வரை ஈரமாகவே இருந்தது. எங்கள் குழுவை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். என்னை எல்லோரும் தங்கச்சி என்று கூப்பிட்டார்கள். யாருக்குத் தங்கச்சி என்று சொல்லவே வேண்டியதில்லை.

"தங்கச்சி, பருத்தி வீட்டுல போட்டுக்க நல்ல துணி" என்றார் மாஸ்டர். "ஆனா அது தண்ணியைக் குடிக்கும், குடிச்சா லேசுல விடாது. வெயில்னா லேசா, தொளதொளன்னு, சட்டுனு காயற துணி. கை மூடியிருக்கணும். தொப்பிக்கு விளிம்பு சுத்தி வர இருக்கணும். ஜீன்ஸைக் கடைத்தெருவுக்குப் போட்டுட்டுப் போங்க."

"ஷூ கூடக் கொஞ்சம் பெரிசு மாஸ்டர்."

"சாயங்காலமாப் போய் வாங்குங்க. அப்பதான் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். கட்டை விரலுக்கு முன்னால ஒரு விரல் அகலத்துக்கு இடம் விடணும். உங்களுக்கு ஒரு வீடே கட்டலாம் போல இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கிச் சறுக்கி இடித்து, கட்டைவிரல் நகம் கறுத்து, பிறகு விழுந்தே விட்டது. வேறு வழியில்லாமல் ஷூ மட்டும் புதிதாக வாங்கினேன். அக்கா அதைப் பார்த்த அன்று என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமும் முகம் கொடுக்கவில்லை. முன்னால், குழுவில் இருந்த பல் டாக்டரம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டே ஏறினாள். நான் பின்னால், காலுக்குச் சரியாக இருந்த ஷூவோடு, அழாத குறையாக வந்தேன். கடைசியில் நானே போய், "உன் ஷூதான் அக்கா மெத்துன்னு இருந்துச்சு, இது கடிக்குது" என்று பொய் சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

மழைக்காலம் வந்தபோது அவளே ஒரு கோட்டு கொண்டுவந்து கொடுத்தாள். கருஞ்சிவப்பு நிறம், தலைக்கு மூடி, கை முனையில் இழுத்து ஒட்டும் பட்டை. பார்க்கப் புதுசு போலத்தான் இருந்தது. "இதைப் போட்டுக்கிட்டு நான் எவ்வளவு மலை ஏறியிருக்கேன் தெரியுமா?" என்றாள். அவளே போட்டுவிட்டு, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டாள். அம்மா செத்த பிறகு என்னை யாரும் அப்படித் தொட்டு உடுத்திவிட்டதில்லை. அந்தக் கோட்டு கோணியாக இருந்திருந்தாலும் அன்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்த மாத நடையில் நல்ல மழை. மேலே போய்ச் சேர்ந்து கோட்டைக் கழற்றினால் உள்ளே தோள், முதுகு எல்லாம் நனைந்திருந்தது. பல் கிடுகிடுத்தது.

"அக்கா, மழை உள்ள வந்துடுச்சு."

அவள் என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "அது மழை இல்லடி, உன் வேர்வை. ரெயின்கோட் போட்டா உள்ள வேர்க்கத்தான் செய்யும். உடம்பு பழகலை. ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்."

இதில் பாதி உண்மை என்பதுதான் விஷயம். மழைக்கோட்டுக்குள் எல்லோருக்கும் வேர்க்கும். பக்கத்தில் நின்ற பல் டாக்டரம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார். முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

நான் வேர்வையைக் குறைக்கக் கிளம்பினேன். கடை மூடியதும் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். தண்ணீரைக் குறைத்துக் குடித்தேன். அடுத்த மழையில் மெதுவாக, எண்ணி எண்ணி அடி வைத்து ஏறினேன். நடையின் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தேன், நனைந்து போய்த்தான். "பரவாயில்லையே, முன்னைக்கு இப்ப குறைஞ்சிருக்கு" என்றாள் அக்கா. எனக்குப் பரிசு வாங்கியது போல இருந்தது.

என் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கொடியில் தொங்கிய கோட்டை ஒருநாள் முறைத்துப் பார்த்தார்.

"மனுஷனுக்கு அக்குள்ல வேர்க்கும், நெத்தியில வேர்க்கும். உனக்கு மட்டும் எப்படி தோள்பட்டையில வேர்க்குது?"

"எங்க அக்காவுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் சொல்றேன்" என்றார்.

"உங்களுக்கு எங்க வீட்டு ஆளுங்கன்னாலே இளக்காரம்" என்று சண்டைக்குப் போனேன். அவர் சாப்பிடப் போய்விட்டார். ஆனாலும் அவர் கேட்டது மனதில் ஊசியாகத் தைத்துவிட்டது. மறுநாள் மதிய இடைவேளையில் கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போய் ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறம். கை என் மணிக்கட்டில் முடிந்தது. அக்குளுக்குக் கீழே வேர்வை போக ஜிப் வைத்திருந்தார்கள். என் அளவுக்குத் தைத்த துணி உடம்பில் எப்படி உட்காரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. போட்டுக்கொண்டே அக்காவுக்கு போன் செய்தேன். கேட்காமல் வாங்கினால் மறுபடி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாளே.

"எதுக்கு?" என்றாள்.

"இல்ல, குளிர்கால மலைக்கு..."

"நான் கொடுத்தது என்ன கிழிஞ்சா போச்சு? என்னோடதைப் போட்டுக்க உனக்குக் கௌரவக் குறைச்சலா இருக்குன்னா சொல்லு. நான் வேற யாருக்காவது கொடுத்துட்டுப் போறேன்."

"அப்படியில்ல அக்கா."

"அப்ப வச்சிட்டு வா."

வைத்துவிட்டு வந்தேன். கடைக்காரப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

பெரிய மலைக்கு முந்தைய நடையிலேயே மாஸ்டர் எல்லோரையும் வட்டமாக நிறுத்திச் சொல்லியிருந்தார். "குளிருக்கு ஒரே தடி கோட்டு உதவாது. வெங்காயம் மாதிரி உடுத்தணும். உடம்போட ஒட்டி, வேர்வையை வாங்கி வெளிய தள்ற உள்துணி ஒண்ணு. அதுக்கு மேல சூட்டைப் பிடிச்சு வைக்கிற கம்பளி. எல்லாத்துக்கும் மேல காத்தும் மழையும் புகாத கோட்டு. ஏறும்போது உரிங்க, நிக்கும்போது போடுங்க. அடிவாரத்துல ஒவ்வொருத்தரையும் நான் சோதிப்பேன். தேறாதவங்க அப்படியே வீட்டுக்குப் போகலாம். மேல நனைஞ்சா விளையாட்டு இல்ல, உயிர் போயிடும்."

அக்கா கம்பளிச் சட்டை ஒன்றும் உள்சட்டை ஒன்றும் கொடுத்தாள். சும்மா சொல்லக் கூடாது, அவை நன்றாகவே இருந்தன. முந்தின நாள் போன் செய்து, "நேரத்துக்கு வந்துடு" என்றாள். ஜோடி பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. அதுதான் ஏற்கெனவே பேசியாயிற்றே என்று நானும் விட்டுவிட்டேன். வழியில் இரண்டு பேரும் தின்ன அவளுக்குப் பிடித்த வேர்க்கடலையை வறுத்துத் தோல் உரித்து டப்பாவில் எடுத்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் மலையேற டிக்கெட் கொடுக்கும் கொட்டகைக்கு முன்னால் வரிசையாக நின்றோம். மூச்சு விட்டால் புகை வந்தது. மாஸ்டர் ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஒவ்வொருவராக வந்து, இடது தோளில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பல் டாக்டரம்மா தேறினார். அக்கா புதிய மஞ்சள் கோட்டு போட்டிருந்தாள். அவள் தோளில் விழுந்த தண்ணீர் தாமரை இலையில் உருள்வதுபோல் உருண்டு ஓடியது. அவளிடம் எதுதான் ஒட்டும்?

பிறகு நான். தண்ணீர் தோளில் கொஞ்சம் நின்றது. துணி கறுத்தது. கம்பளியைத் தாண்டி, உள்சட்டையைத் தாண்டி, சில்லென்று தோலுக்கு வந்துவிட்டது. வெங்காயத்தின் கடைசித் தோல்வரை.

மாஸ்டர் கோட்டின் கழுத்தை மடித்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். ஈரமாக எடுத்தார்.

"அது வேர்வை மாஸ்டர்" என்றேன்.

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அத்தனை பேருக்கு நடுவில், அவர் ஊற்றிய பாட்டில் அவர் கையிலேயே இருக்கும்போது, அப்படிச் சொன்னேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வேர்வையா? இப்ப நான்தானே தங்கச்சி ஊத்தினேன்?" மாஸ்டர் கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெயிலில் வெந்த தோல் உரிவதுபோல் உள்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. அதை நான் அழுக்கு என்று நினைத்துத் தட்டிவிட்டிருக்கிறேன். மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார். "இந்தக் கோட்டை எனக்குத் தெரியுமே. போன குளிர்ல இதே இடத்துல, இதுக்காகத்தானே உங்க அக்காவைத் திருப்பி அனுப்பினேன்? ஒழுகுது, தூக்கிப் போடுங்கன்னு சொன்னேனே."

அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

"புதுசு வாங்கிக்கோன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மாஸ்டர். கேட்டாத்தானே. சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். என்னோடதைப் போட்டுக்கலேன்னா இவளுக்குத் தூக்கம் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். கேலியாகக்கூட இல்லை, அக்கா தங்கை பாசத்தைப் பார்த்து நெகிழ்ந்து சிரித்தார்கள். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. கடையில் போட்டுப் பார்த்த கோட்டு, போனில் அவள் சொன்னது, விழுந்த நகம். ஒன்றும் வாயில் வரவில்லை. பதில் பேசுவதும் அக்கா முதலில் பேசி முடித்து, மீந்தால்தான் எனக்கு என்று பழகிவிட்டதோ என்னவோ.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பாள் அம்மா. பல்லைப் பிடித்துப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் டாக்டரம்மாதான் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை.

"விடுங்க தங்கச்சி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். எனக்கே குழப்பமா இருந்துச்சு, உங்களை இங்க பார்த்ததும். நீங்க வரமாட்டீங்கன்னு உங்க அக்கா போன வாரமே சொல்லிட்டாங்களே. அதான் ஜோடிக்கு நான் சரின்னேன்."

போன வாரம். அதற்குப் பிறகுதான் அவள் எனக்கு போன் செய்து நேரத்துக்கு வரச் சொன்னாள். நான் தேறமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். வராதே என்று சொல்லியிருக்கலாம், வேறு கோட்டு வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கலாம், உன்னோடு நடக்க எனக்கு இஷ்டமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். அந்த வேலையையும் அவள் தன் பழைய கோட்டிடம் விட்டுவிட்டாள்.

இரண்டு இரண்டு பேராகக் கிளம்பினார்கள். கொட்டகைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் கோட்டு வெகுதூரம்வரை தெரிந்தது. வேர்க்கடலை டப்பா என் மடியில் இருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க மழையை என் வேர்வை என்று நம்பியிருக்கிறேன். நாள் முழுக்க ஊராரை, தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்கிறவள் நான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அதற்காகவே அவரோடு காலம் தள்ளலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, அவள் கொண்டுவந்த அதே பையில் அடுக்கினேன். கோட்டை மட்டும் மேலே வைத்தேன். பஸ்ஸில் போகும்போது என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். அன்று மாஸ்டர் முன்னால் வராத வார்த்தைகளெல்லாம் இப்போது வரிசை கட்டி வந்தன. இனிமேல் எனக்கு எதுவும் தராதே, கூப்பிடாதே, நீ யாரோ நான் யாரோ. இதில் ஒன்றையாவது சொல்லாமல் திரும்புவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். கூடத்துத் தரை அப்போதுதான் துடைத்தது போலப் பளபளத்தது. முகம் தெரிகிற தரை. பையைக் கீழே வைத்தேன்.

"உன்னோடது எல்லாம் இதுல இருக்கு" என்றேன்.

அவள் பையை எட்டிப் பார்த்தாள். "அதுக்குள்ள விட்டுட்டியா? எனக்குத் தெரியும், நீ எதையும் பிடிச்சு நிக்கமாட்ட. சரி, வச்சிட்டுப் போ. புதுசா ஒரு பொண்ணு குழுவுல சேர்றா. ஆரம்பத்துக்கு இது போதும்."

என் கோபம் வாசலிலேயே நின்றுவிட்டது. அவள் அதைக் கோபம் என்றே எடுத்துக்கொள்ளவில்லை.

"கொஞ்சம் தண்ணி குடு" என்றேன்.

பெரிய டம்ளரில் கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை. கோட்டை எடுத்து இடது கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, தோள் பக்கத்தில் மொத்தத் தண்ணீரையும் ஊற்றினேன். ஊறி, கசிந்து, என் விரல் இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக அந்தப் பளபளத் தரையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சின்னக் குட்டையாகத் தேங்கியது.

"பாரு அக்கா, உன் வீட்டுத் தரைக்கு வேர்க்குது" என்றேன். "ஆரம்பத்துல அப்படித்தான்."

அவள் முகத்தில் என்னவோ ஓடியது. ஒரு நொடிதான். அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதும், எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குப் போதும்.

"அதுக்குத் தரையிலயா ஊத்துவ?" என்றாள், அம்மாவின் அதே குரலில். "யாராவது வழுக்கி விழப் போறாங்க. துடை."

நான் குனிந்தேன். கை பைக்குள் போய், முதலில் அகப்பட்ட பருத்திச் சட்டையை எடுத்தது. பாதி துடைத்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. மாஸ்டர் சொன்னது சரிதான். பருத்தி நன்றாகத் தண்ணீரைக் குடித்தது.

"அந்த ஓரத்துல இன்னும் இருக்கு பாரு" என்றாள் அக்கா.

ஓரத்தையும் துடைத்தேன்.